டாக்டரின் நாக்கின் மேல் ஏன் பழி?

மருத்துவ அறிக்கையில் பிழை வந்தால் எல்லோரும் முதலில் கை காட்டுவது டாக்டரின் உச்சரிப்பைத்தான். "அவர் பேசுறது யாருக்குப் புரியும்?" என்பார் தட்டச்சு செய்தவர். மேலாளரும் ஆமாம் என்பார். அதோடு விசாரணை முடிந்துவிடும். 1990களின் கடைசியில் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் சென்னையில் வேர்விட்ட நாளிலிருந்து இந்த நம்பிக்கை மாறவில்லை. அமெரிக்க டாக்டர் அங்கே மாலையில் பேசிப் பதிந்ததை இங்கே பகலில் கேட்டுத் தட்டச்சு செய்து, அங்கே விடிவதற்குள் அனுப்பிவைக்கிற தொழில் இது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத டாக்டர்களுக்கு இதில் 'ஈஎஸ்எல்' என்று ஒரு முத்திரை உண்டு. ஃபைலில் அந்த முத்திரையைப் பார்த்ததுமே புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். பல ஆண்டுகள் இந்த வேலையைச் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தப் பயம் தவறு, அந்தப் பழி அதைவிடத் தவறு.

உச்சரிப்புக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. தெலுங்கு டாக்டர் சொல்லின் கடைசியில் ஓர் உயிரெழுத்தை ஒட்டிப் பேசினால் இன்றும் ஒட்டுவார், நாளையும் ஒட்டுவார். பிலிப்பைன்ஸ் டாக்டருக்கு 'ஃப' வர வேண்டிய இடத்தில் 'ப' வந்தால் எல்லா ஃபைலிலும் அப்படியே வரும். ஸ்பானிஷ் பேசி வளர்ந்தவர் 'ஸ்டமக்' என்பதற்கு முன்னால் ஓர் 'எ' சேர்ப்பார். சில நாள் தொடர்ந்து கேட்டால் காது அதற்குப் பழகிவிடும். பழகவே முடியாதவை வேறு. வராந்தாவில் நடந்துகொண்டே பேசுவது, வாயில் சாண்ட்விச்சோடு பேசுவது, பரிசோதனைப் பகுதி வந்ததும் மனப்பாடச் செய்யுளைப் போல ஒரே மூச்சில் ஒப்பித்து முடிப்பது, இடது என்று சொல்லிவிட்டு இரண்டு நிமிடம் கழித்து வலது என்பது. இவற்றில் எதுவும் தாய்மொழியால் வருவதில்லை. சுத்தமான அமெரிக்க ஆங்கிலம் பேசும் டாக்டர்களிடம்தான் நான் இவற்றை அதிகம் கேட்டிருக்கிறேன்.

'ஃபிஃப்டீன்' என்றாரா, 'ஃபிஃப்டி' என்றாரா? கால் பெடலை மிதித்து மறுபடி ஓடவிட்டாலும் அதே மங்கலான ஒலிதான். மருந்து மெட்டோப்ரோலால் என்றால் கவலை இல்லை. அந்த மாத்திரை 25, 50, 100 மில்லிகிராமில் வருவது; ஆகவே ஐம்பது. இன்சுலின் என்றால் பதினைந்து யூனிட்டும் நடக்கும், ஐம்பது யூனிட்டும் நடக்கும். அங்கே ஊகிக்கக் கூடாது. அடிக்கோடு போட்டு, நேரத்தைக் குறித்து, 'பிளாங்க்' விட்டு டாக்டருக்கே திருப்பி அனுப்ப வேண்டும். ஹைட்ராலசின் ரத்த அழுத்தத்துக்கு, ஹைட்ராக்ஸிசின் அரிப்புக்கும் பதற்றத்துக்கும். இரண்டையும் வேகமாகச் சொன்னால் எந்த நாட்டுக்காரர் வாயிலும் ஒன்றுபோலத்தான் ஒலிக்கும். நோயாளி எதற்காக வந்தார் என்பதை மேலே படித்திருந்தால்தான் எது என்று பிடிபடும். இதைப் போய் வெறும் 'கேட்டு அடிக்கிற வேலை' என்கிறார்கள்.

பிழை வேறெங்கோ பிறக்கிறது. 65 எழுத்து ஒரு வரி, வரிக்கு இவ்வளவு காசு என்று கூலி. திரும்பக் கேட்கும் நேரத்துக்குக் கூலி இல்லை. பிளாங்க் அதிகம் விட்டால் தரச் சோதனையில் (க்யூஏ) மதிப்பெண் குறையும். துணிந்து ஊகித்துவிட்டால் பல நேரம் யாருக்கும் தெரியாமலே போய்விடும். நேர்மையாக 'எனக்குக் கேட்கவில்லை' என்பவனைத் தண்டித்து, ஊகிப்பவனைத் தப்பவிடும் ஏற்பாடு இது. இதை அப்படியே வைத்துக்கொண்டு டாக்டரின் நாக்கைக் குறை சொல்வது எனக்கு ஆத்திரமூட்டுகிறது.

அமெரிக்காவின் அலபாமாவில் 2008இல் ஒரு பெண் இறந்தார். டிஸ்சார்ஜ் சம்மரியில் 8 யூனிட் இன்சுலின் 80 யூனிட் ஆகியிருந்தது. டிக்டேஷன் தட்டச்சானது இந்தியாவில். 2012 டிசம்பரில் நடுவர் குழு 14 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. அங்கே பலரும் இதை 'இந்தியாவுக்கு அனுப்பியதால் வந்த வினை' என்றே பேசினார்கள். ஆனால் டாக்டர் படித்துச் சரிபார்க்காத சம்மரியை வைத்தே மருந்து உத்தரவு எழுதப்பட்டிருந்தது. ஒருவர் நிதானமாகப் படித்திருந்தால் பிடிபட்டிருக்கக்கூடிய எண் அது.

மனிதக் காதே வேண்டாம், மென்பொருள் போதும் என்பது, உச்சரிப்புதான் சிக்கல் என்ற அதே நம்பிக்கையின் இன்றைய வடிவம். 2018இல் ஜாமா நெட்வொர்க் ஓப்பன் இதழில் வந்த ஆய்வு 217 மருத்துவக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தது. மென்பொருள் எழுதித் தந்ததில் நூறு சொல்லுக்கு 7.4 பிழை. டிரான்ஸ்கிரிப்ஷனிஸ்ட் திருத்தியதும் அது 0.4. டாக்டர் கையெழுத்திட்டபின் 0.3. பெரிய வேலை யார் கையில் நடந்தது என்பது அந்த எண்களிலேயே தெரிகிறது. 2020இல் ஐந்து பெரிய நிறுவனங்களின் பேச்சறி மென்பொருள்களைச் சோதித்தபோது, வெள்ளை அமெரிக்கர் பேச்சில் நூறு சொல்லுக்கு 19 பிழையும் கறுப்பின அமெரிக்கர் பேச்சில் 35 பிழையும் வந்தன. இரு தரப்பும் பேசியது ஆங்கிலம்தான். மென்பொருள் யாருடைய பேச்சை அதிகம் கேட்டு வளர்ந்ததோ அவர்கள் பேச்சு அதற்குத் தெளிவாகக் கேட்டது, அவ்வளவுதான். 2024இல் விஸ்பர் என்ற பேச்சறி மென்பொருளைப் பற்றி வந்த ஆய்வு இன்னும் அச்சமூட்டுகிறது: சுமார் ஒரு சதவீத ஒலித்துண்டுகளில், பேசியவர் சொல்லவே சொல்லாத வாக்கியங்களை அது தானாகச் சேர்த்திருந்தது. பிளாங்க் விடத் தெரியாத எழுத்தரை எந்த மருத்துவமனையும் வேலையில் வைத்துக்கொள்ளக் கூடாது. அந்த எழுத்தர் மென்பொருளாக இருந்தாலும்.

காது எந்தச் சாயலுக்கும் பழகும் என்பதை என்னைப் போன்ற திருத்தணிக்காரன் தனியாகப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து தமிழகத்துக்கு வந்த தாலுகா எங்களுடையது. வடக்கெல்லைக்காக ம.பொ.சி. போராடியது எங்கள் ஊருக்காகவும்தான். எல்லைக் கோடு நகர்ந்தது, பேச்சு நகரவில்லை. வீட்டில் தெலுங்கும் பள்ளியில் தமிழுமாக வளர்ந்தவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஆடிக் கிருத்திகைக்கு ஆந்திரத்து நகரி, புத்தூர் பக்கமிருந்து காவடியோடு வருபவரிடம் பூக்கடைக்காரம்மா எந்த மொழியில் விலை சொல்வது என்று யோசித்து நிற்பதில்லை. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1888இல் இங்கே தெலுங்குக் குடும்பத்தில் பிறந்து, 1936இல் ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியரானவர். இப்படிப்பட்ட ஊரிலிருந்து அரக்கோணம் ரயிலேறிச் சென்னைக்கு வேலை தேடிப் போகும் பிள்ளையை, நேர்காணலில் 'தாய்மொழிச் சாயல்' இருக்கிறது என்று ஓரம் கட்டுகிறார்கள். அவன் பேசப் போவதில்லை, கேட்கப் போகிறான். இரண்டு மொழிச் சாயலையும் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த காது அவனுடையது.

அவனைப் பேசச் சொல்லிச் சோதிக்காதீர்கள். நான்கு விதமான டாக்டர்களின் ஒலிப்பதிவைக் கொடுத்து, எங்கே ஊகித்தான், எங்கே பிளாங்க் விட்டான் என்று பாருங்கள். சரியான பிளாங்க்குக்கும் வரிக்குரிய கூலியைக் கொடுங்கள். மருந்தளவை 'ஃபைவ் ஸீரோ' என்று இலக்கம் இலக்கமாகச் சொல்ல டாக்டரிடம் கேளுங்கள். அதை எந்த உச்சரிப்பிலும் சொல்லலாம். டாக்டர் படித்துக் கையெழுத்திடாத சம்மரி எந்த வார்டுக்கும் எந்த மருந்துக்கடைக்கும் போகக் கூடாது.