பழம்பொருட் பற்று: பைத்தியமா, பண்பாடா?

உலகிலே மனிதருக்குள்ள பற்றுகள் பலவகைப்படும். தபால்தலை சேர்ப்போர் உண்டு. பழங்காசு தேடுவோர் உண்டு. அவர்களை யாரும் ஏளனம் செய்வதில்லை. ஆனால், அறுபது ஆண்டுகளுக்கு முந்திய மிதிவண்டியொன்றைத் தேடி ஊர் ஊராக அலைபவரையும், பிள்ளைகள் விளையாட வேண்டிய ரிமோட் காரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு இரவெல்லாம் கண்விழிப்பவரையும், காயலான் கடைக்குப் போக வேண்டிய மடிக்கணினிக்கு உயிரூட்டிக்கொண்டிருப்பவரையும் கண்டால் நாம் சிரித்துவிடுகிறோம். 'வேலையற்ற வேலை' என்று பெயரும் சூட்டிவிடுகிறோம். இந்தச் சிரிப்பு நியாயமானதுதானா? சற்றே சிந்தித்துப் பார்ப்போம்.

முதலில் மிதிவண்டியை எடுத்துக்கொள்வோம். 1956-ஆம் ஆண்டு சூயஸ் கால்வாய் நெருக்கடியால் இங்கிலாந்தில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. அக்காலத்தில் மிதிவண்டியின் அமைப்பைப் புதிதாகச் சிந்திக்கத் தொடங்கியவர் அலெக்ஸ் மோல்டன் என்னும் பொறியாளர். மினி காருக்கு ரப்பரால் ஆன அதிர்வு தாங்கியை உருவாக்கியவரும் அவரே. 1962-இல் அவர் வெளியிட்ட மிதிவண்டியின் சக்கரங்கள் 16 அங்குலம்தான். அதிலும் ரப்பர் அதிர்வு தாங்கி இருந்தது. பெரிய சக்கரம் இருந்தால்தான் வேகம் வரும் என்ற நம்பிக்கையை அந்தச் சிறிய வண்டி அசைத்துவிட்டது. பழைய மோல்டன் வண்டிகளை அன்பர்கள் இன்றும் துடைத்து, எண்ணெயிட்டு, இறுகிப்போன ரப்பரை மாற்றி ஓட்டி வருகிறார்கள்.

அடுத்தது ரிமோட் கார். ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து டாமியா நிறுவனம் 1976-இல் தன் முதல் ரிமோட் காரை வெளியிட்டது. அதன் 'கிராஸ்ஹாப்பர்' என்ற கார் 1984-இல் வந்தது. கடையில் வாங்கிய உடனே ஓடும் பொம்மையன்று அது. பெட்டியைத் திறந்தால் பல்சக்கரங்களும் திருகாணிகளும் சிறு மோட்டாரும் படவிளக்கப் புத்தகமும்தான் இருக்கும். சிறுவன் தானே பூட்டி முடித்தால்தான் கார் ஓடும். வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் ஏன் வேகமாகச் சுற்ற வேண்டும் என்பதைப் பாடப்புத்தகம் சொல்லுமுன் அவன் விரல்களே கண்டுகொள்ளும். ஒரு பகுதி உடைந்தால் அந்தப் பகுதியை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். அன்றைய சிறுவர்கள் வளர்ந்து பெரியவர்களான பின்னும் ஆசை தீரவில்லை. 2005-இல் அதே காரை நிறுவனம் மீண்டும் வெளியிட்டது.

மூன்றாவது மடிக்கணினி. ஐ.பி.எம். நிறுவனம் 1992-இல் கொண்டுவந்த 'திங்க்பேட்' கறுப்புப் பெட்டி போன்றது. விசைகளின் நடுவே சிவப்புப் பொட்டு ஒன்று இருக்கும். ரிச்சர்டு சாப்பர் என்ற ஜெர்மானிய வடிவமைப்பாளரின் கைவண்ணம் அது. 2005-இல் அத்தொழில் லெனோவோவின் கைக்கு மாறியது. இந்த வரிசையில் 2011-இல் வந்த எக்ஸ்220 போன்ற கணினிகளை இன்றும் தேடிப் பிடிப்பவர்கள் உண்டு. மின்கலத்தைத் தாழ்ப்பாளைத் தள்ளிக் கழற்றலாம். நினைவகத்தைச் சாதாரணத் திருப்புளி கொண்டு மாற்றலாம். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முறையை விளக்கும் பராமரிப்புக் கையேட்டை நிறுவனமே எல்லோரும் படிக்க வெளியிட்டிருக்கிறது.

இம்மூன்றுக்கும் பொதுவானது என்ன? பழமை என்று சொல்லிவிடலாம். ஆனால் பழமை மட்டுமே காரணமானால், பரணில் கிடக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் அன்பர் கூட்டம் ஒன்று சேர்ந்திருக்க வேண்டுமே! அப்படிச் சேரவில்லை. இந்தப் பொருள்களைத் திறக்க முடியும். பாகங்களைத் தனித்தனியே பெற முடியும். பழுது பார்க்கும் முறையைக் கற்றுக்கொள்ள முடியும். காசு கொடுத்து வாங்கியவனை இவை உண்மையிலேயே உடைமையாளன் ஆக்குகின்றன. இப்பற்றின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் துணிபு.

இதற்கு மறுப்பும் உண்டு. புதிய கணினிகள் வேகமானவை, எடை குறைந்தவை, மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடுபவை. இதை யாரும் மறுக்க இயலாது. பழம்பொருட் பற்று சிலரிடம் வெறும் குவிப்பு ஆசையாகிவிடுவதும் உண்மையே. பெட்டியைப் பிரிக்காமல் அலமாரியில் பூட்டிவைத்து விலை ஏறட்டும் என்று காத்திருப்பவர் வியாபாரி. அவரைக் கலை அன்பர் என்று நான் சொல்ல மாட்டேன். ஆயினும், மெல்லியதாக இருக்க வேண்டும் என்பதற்காக மின்கலத்தைப் பசையிட்டு ஒட்டி, நினைவகத்தைத் தாய்ப்பலகையோடு பற்றவைத்துவிட்டால், ஒரு பாகம் கெட்டதும் முழுப் பொருளும் வீணாகும் நிலை வருகிறதல்லவா? அந்த இழப்பைத் தாங்குபவர் யார்? வாங்கியவர்தானே!

இது நமக்குத் தொலைவான செய்தியன்று. தமிழக அரசு 2011-இல் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. பதினொன்றாம் வகுப்பு மாணவர்க்கு மிதிவண்டியும் கிடைத்தது. எத்தனையோ வீடுகளில் நுழைந்த முதல் கணினி அதுதான். இரண்டின் கதியும் என்ன ஆயிற்று? மிதிவண்டியின் சக்கரம் கோணிக்கொண்டால் தெருமுனைக் கடைக்காரர் கோட்டம் எடுத்துக் கொடுத்துவிடுகிறார். பஞ்சர் ஒட்டத் தெரிந்த பையன் ஊருக்கு நாலுபேர் இருக்கிறார்கள். மடிக்கணினியோ மின்கலம் தளர்ந்ததும் பரணேறிவிட்டது. மிதிவண்டியைப் பற்றிய அறிவு ஊருக்குப் பொதுவாக இருந்தது. கணினியைப் பற்றிய அறிவு அப்படி இல்லை. வேறுபாடு இவ்வளவே.

உலக அளவில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது நான்கில் ஒரு பங்குகூட இல்லை. அரசுகளும் விழித்துக்கொண்டிருக்கின்றன. பழுது பார்க்க எளிதா என்று பொருளுக்கு மதிப்பெண் இடும் முறையை பிரான்சு 2021-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பழுதுபார்க்கும் உரிமையை ஆராய இந்திய அரசு 2022-இல் குழு அமைத்தது. சட்டம் வரட்டும், வரவேற்போம். ஆனால் திருப்புளி பிடிக்கத் தெரியாத கைகளுக்குச் சட்டம் கொடுக்கும் உரிமையால் என்ன பயன்?

மாணவ நண்பர்களே! நம் கல்லூரியில் பழுதுபார்க்கும் மேசையொன்று அமைத்தால் என்ன? இயற்பியல் துறையில் பற்றவைக்கும் கருவி இருக்கிறது; கணினித் துறையில் ஆர்வம் இருக்கிறது; வீட்டுப் பரண்களில் பொருள் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்தபோது, பதினொன்றை ஏற்க முடியாத பழைய கணினிகளின் கதை முடிந்தது என்று பலர் எண்ணினர். அவற்றில் பலவற்றில் லினக்ஸ் நன்றாகவே ஓடும். கட்டுரை எழுதவும், பாடம் படிக்கவும் அது போதும். உப்பிப்போன மின்கலத்தைக் குத்தாமல், நெருப்பருகே கொண்டுபோகாமல், தனியே எடுத்து வைக்கும் எச்சரிக்கை மட்டும் முதல் பாடமாக இருக்கட்டும்.

இனி ஒரு பொருளை வாங்கும்போது விலையையும் நிறத்தையும் மட்டும் கேட்காமல், "இதைத் திறக்கலாமா? உதிரிப் பாகம் கிடைக்குமா?" என்றும் கேட்போம். நாம் கண்டு சிரித்த அந்த அன்பர்கள் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்விகள் இவை. புதிய கணினி வாங்க வசதியில்லாத தம்பி ஒருவன், தங்கை ஒருத்தி, நம் கையால் உயிர்பெற்ற பழைய கணினியில் படித்துத் தேர்வெழுதினால், அந்தப் பற்றைப் பைத்தியம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?