உன் சிலுவைய நீதான் சுமக்கணுமா?

டிஸ்கி: இது மதப்பிரச்சாரம் இல்லீங்க. கோயில் மணிச் சத்தத்துல வளர்ந்தவனோட புலம்பல், அவ்ளோதான்.

'எல்லாருக்கும் ஒரு சிலுவை இருக்கு' - இதைக் கேக்காத கிறிஸ்தவ வீடு நம்ம ஊர்ல இருக்காது. முழங்கால் வலியா, சிலுவை. மாமியார் தொல்லையா, சிலுவை. பையன் அரியர் வச்சிருக்கானா, அதுவும் சிலுவை :-) இது வரைக்கும் சரி, சிரிச்சிட்டுப் போயிடலாம்.

ஆனா எங்க தெருவுல ஒரு அக்கா. புருஷன் குடிச்சிட்டு வந்து அடிப்பார். ஒருநாள் கையில மாவுக்கட்டோட அன்பியக் கூட்டத்துக்கு வந்திருக்காங்க. அங்க ஒரு பெரியம்மா, "பொறுத்துக்கம்மா, ஆண்டவர் உனக்குக் குடுத்த சிலுவை இது"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அடிச்சது புருஷன். பழி ஆண்டவர் மேல! எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்ல.

சிலுவைன்னா என்னன்னு கொஞ்சம் யோசிப்போமே. இன்னிக்கு அது தங்கத்துல செஞ்சு கழுத்துல போடுற நகை. ரோமாபுரிக்காரனுக்கு அது தூக்குமேடைய விடக் கேவலமான விஷயம். அடிமைகளுக்கும் கலகக்காரங்களுக்கும்தான் பெரும்பாலும் அந்தத் தண்டனை. ஸ்பார்ட்டகஸ் தலைமையில அடிமைங்க செஞ்ச கிளர்ச்சி கி.மு. 71ல அடங்கினப்போ, பிடிபட்ட 6000 பேரை கபுவாவுல இருந்து ரோம் வரைக்கும் சாலையோரமா சிலுவையில தொங்கவிட்டாங்கன்னு வரலாறு. போறவன் வர்றவன் பார்த்துப் பயப்படணும், வாயை மூடிக்கிட்டு இருக்கணும், அதான் நோக்கம். இப்ப அதே சிலுவையக் காட்டி ஒரு பொம்பளைய வாயை மூடிக்கிட்டு இருன்னு சொன்னா, நாம யார் பக்கம் நிக்கிறோம்? இயேசு பக்கமா, பிலாத்து பக்கமா?

சரி, இயேசுவாவது பேசாம வாங்கிக்கிட்டாரா? கெத்செமனி தோட்டத்துல இந்தத் துன்பம் என்னைவிட்டுப் போகாதான்னுதான் முதல்ல கெஞ்சினார். தலைமைக் குரு முன்னாடி காவலன் ஒருத்தன் கன்னத்துல அறைஞ்சப்போ, நான் பேசினதுல என்ன தப்பு, எதுக்கு அடிக்கிறேன்னு நேருக்கு நேரா கேட்டார். யோவான் 18வது அதிகாரம், எடுத்துப் பாருங்க. மறு கன்னத்தைக் காட்டச் சொன்னதை எல்லாரும் சொல்றாங்க. இதைப் பிரசங்கத்துல நான் கேட்டதே இல்ல.

தன் சிலுவையத் தூக்கிட்டு வரணும்னு அவரே சொன்னாரேன்னு கேப்பீங்க. சொன்னார்தான். ஆனா அது நாமளா முடிவு பண்ணி எடுக்கிறது. எல் சால்வடோர்ல பேராயர் ரொமேரோ ஏழைங்களுக்காகப் பேசினார், கொலை மிரட்டல் வந்தும் நிறுத்தல. 1980 மார்ச் 24 அன்னிக்குப் பூசை வச்சிட்டு இருக்கும்போதே சுட்டுட்டாங்க. அது அவரா எடுத்த சிலுவை. அடுத்தவன் நம்ம முதுகுல ஏத்துறதுக்கு வேற பேரு இருக்கு. நம்ம சட்டமே 2005ல அதுக்குக் குடும்ப வன்முறைன்னு பேர் வச்சிடுச்சு. பெரியம்மா அந்த அக்காவுக்கு 181 நம்பரைக் குடுத்திருக்கலாம்.

ஆனா எந்தச் சட்டத்தாலயும் தீராத கஷ்டமும் இருக்கே? புற்றுநோய், படுத்த படுக்கையா கிடக்கிற அம்மா, செத்துப்போன குழந்தை... அங்க சிலுவை என்ன சொல்லுதுன்னு யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வர்றது இசன்ஹைம் பீட ஓவியம். 1512-16 வாக்குல மத்தியாஸ் குரூனவால்ட் வரைஞ்சது, இப்ப பிரான்சுல கோல்மார் ஊர் மியூசியத்துல இருக்கு. வனத்து அந்தோணியார் பேர்ல இருந்த ஒரு மடத்துக்காக வரைஞ்சாங்க (நம்ம கோடி அற்புதர் இல்ல, இவர் வேற). அந்தச் சபைத் துறவிகளோட முக்கிய வேலையே ஒரு கொடூரமான நோய்க்கு வைத்தியம் பாக்கிறது. பூஞ்சை பிடிச்ச தானியத்துல செஞ்ச ரொட்டியத் தின்னு, கை கால் எரிஞ்சு அழுகிப்போற நோய். அந்த ஓவியத்துல இயேசுவோட உடம்பு பூராவும் பச்சை பாரிச்சு, புண்ணு புண்ணா இருக்கும். இவரும் நம்மள மாதிரிதான் கிடக்கிறார்னு நோயாளிக்குத் தோணியிருக்கும்.

அதோட நிறுத்திட்டாங்களா? இல்ல. நல்ல ரொட்டி குடுத்தாங்க, களிம்பு போட்டாங்க, அழுகின காலை வெட்டி எடுத்து உயிரைக் காப்பாத்தப் பாத்தாங்க. படத்தைக் காட்டிப் பொறுத்துக்கோன்னு அனுப்பிடல. (இன்னொரு கோஷ்டி இருக்கு, 'உனக்கு விசுவாசம் பத்தல, அதான் வியாதி போகல'ங்கிற கோஷ்டி. அவங்க மேடைக்குப் பின்னாடி ஒரு சிலுவை எதுக்கு நிக்குதுன்னுதான் புரியல.)

தவக்காலத்துல சிலுவைப்பாதை போறோமே, 14 நிலை. அஞ்சாவது நிலையில சிரேனே ஊர் சீமோன் வர்றார். அவரா ஆசைப்பட்டு வரல. வயக்காட்டுல இருந்து வந்துட்டு இருந்த ஆளை வழியில பிடிச்சு இழுத்து, மரத்தைத் தோள்ல வச்சாங்க. அவரு ஆறுதல் சொன்னதா எந்தச் சுவிசேஷத்துலயும் இல்ல, சுமந்தார்னு மட்டும்தான் இருக்கு. கடவுளோட மகன்னு நாம நம்புறவருக்கே அன்னிக்குத் தூக்க இன்னொரு ஆள் தேவைப்பட்டிருக்கு. அந்தப் பெரியம்மா வருஷா வருஷம் இந்த நிலையில முழங்கால் போட்டுத்தான் எந்திரிக்கிறாங்க.