உங்கள் அரிசி எந்த ஊர்?

ஆவடியைத் தாண்டி திருவள்ளூர் போகிற வழியில் இருக்கிறது திரூர் நெல் ஆராய்ச்சி நிலையம். ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு பொங்கிய ஐ.ஆர்.20 அரிசியில் பாதி சொந்தம் இந்த ஊருக்கு. பிலிப்பைன்ஸில் அந்த ரகத்தை உருவாக்கியபோது, தண்டுதுளைப்பானையும் இலைக்கருகலையும் தாங்கும் குணம் திரூரின் டி.கே.எம்.6 நெல்லிலிருந்துதான் போனது.

இன்று கடையில் நாம் கேட்பது சன்ன ரக பி.பி.டி. அதைக் குலைநோய் எளிதில் தாக்கும். ஆனாலும் விலை போகிறதே என்று விவசாயி அதையே விதைக்கிறார். அதற்கு மாற்றாக 2015-ல் திரூர் தந்தது டி.கே.எம்.13. அதே போன்ற சன்ன அரிசி. வயது 130 நாள். குலைநோயை ஓரளவு தாங்கும்.

அடுத்த முறை பெயர் சொல்லிக் கேளுங்கள். நாம் கேட்டால்தான் வியாபாரி வாங்குவார். அவர் வாங்கினால்தான் விவசாயி விதைப்பார்.