தோல் சொல்லாத தரம்

கலப்பினச் செடி ஒன்றில் விளைந்த நிலக்கடலைக் காயை உடைத்தால் இரண்டு பருப்பும் ஒரே நிறம், ஒரே பருமன். ஆனால் ஒன்றின் எண்ணெயில் ஒலியிக் அமிலம் 80 விழுக்காடு இருக்கலாம். பக்கத்துப் பருப்பில் 50-கூடத் தேறாமல் போகலாம். மேல்தோல் தாய்ச்செடியைச் சேர்ந்தது. எண்ணெய் சேரும் பருப்போ அடுத்த தலைமுறை.

ஒலியிக் மிகுந்த எண்ணெய் சீக்கிரம் காறாது. ஒலியிக்கை லினோலியிக் அமிலமாக மாற்றும் நொதிக்கான மரபணு, நிலக்கடலை இரு காட்டினங்களின் வாரிசு என்பதால், அதில் இரட்டையாக இருக்கிறது. இரண்டும் பழுதானால்தான் ஒலியிக் 80-ஐ எட்டும். பழுது ஒடுங்கு பண்பு. அது அறவே இல்லாத ரகத்தோடு கலந்தால் இரண்டாம் தலைமுறையில் 16-க்கு 1 பருப்புதான் தேறும். புளோரிடா பல்கலைக்கழகம் 1987-இல் அறிவித்த ஒலியிக் மிகுந்த மரபுவழியிலிருந்து 'சன்ஒலியிக் 95ஆர்' ரகம் வந்தது. அதன் பண்பை நம் ரகங்களில் ஏற்றி, பன்னாட்டு வேளாண் ஆய்வு நிறுவனமான இக்ரிசாட்டும் ஜூனாகத் நிலக்கடலை ஆராய்ச்சி இயக்குநரகமும் உருவாக்கிய கிர்னார் 4, கிர்னார் 5 ரகங்கள் 2020-இல் வெளியாயின.

அறிவியல் தன் பங்கைச் செய்துவிட்டது. தடை இப்போது சந்தையில் இருக்கிறது.

நிலக்கடலை தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர். விவசாயி எடுத்துவைக்கும் விதையிலும் பண்பு நிற்கும். கெடுப்பது கலப்புதான். போன பட்டத்தில் மண்ணுக்குள் தப்பிய காய் தானாக முளைக்கும். காய் பறிக்கும் இயந்திரத்தில் பக்கத்து வயல் கடலை ஒட்டியிருக்கும். இதையெல்லாம் பார்த்துப் பார்த்துப் பிரித்த விவசாயிக்கு என்ன கிடைக்கிறது? விற்பனைக்கூடத்தில் வியாபாரி பத்துக் காயை உடைத்துப் பருப்பு எவ்வளவு தேறும், ஈரம் எவ்வளவு என்று பார்த்து விலை சொல்கிறார். ஒலியிக்குக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. ஏக்கருக்குச் சுமார் 50 கிலோ பருப்பு விதைக்க வேண்டிய பயிரில், கூடுதல் விலை கிடைக்காத விதையை யார் வாங்குவார்கள்?

அகச்சிவப்பொளிக் கருவி பருப்பை அரைக்காமலே அமில அளவைக் காட்டிவிடும். பெரிய விற்பனைக்கூடங்களிலாவது அதை வைத்து, தேறிய கடலையைத் தனிக் குவியலாக ஏலம்விட வேண்டும். காறலால் நட்டப்படும் செக்கு எண்ணெய்க்காரர்களும் கடலைமிட்டாய் செய்பவர்களும் அந்தக் குவியலுக்குக் கூடுதல் விலை கேட்பார்கள். அவர்களை முதல் ஏலத்துக்கே அழைக்கலாம்.