மூட்டையைக் குத்திப் பார்க்கிறோம், மனையை?

வணிகப் பெருமக்களே! கடையில் மிச்சம் பிடித்ததைப் படப்பை, மணிமங்கலம் பக்கம் மனையில் போடுவது நம்மவர் வழக்கம். தவறில்லை. ஆனால் வயலில் கல் நட்டால் மட்டும் அது மனையாகிவிடாது. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை மறக்கலாமா?

வில்லங்கச் சான்று பதிவான கிரயத்தையும் அடமானத்தையுமே காட்டும்; அந்த இடம் ஏரியா, ஓடையா என்று சொல்லாது. அதற்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டைப் பார்க்க வேண்டும். மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் உண்டா என்பதும் முக்கியம். 2017-இல் வந்த வரன்முறைத் திட்டம், 2016 அக்டோபர் 20-க்கு முற்பட்ட மனைப்பிரிவுகளுக்கே இடம் தந்தது. அடைமழையில் ஒருமுறை நேரில் போய், தண்ணீர் எந்த வழியாக வடிகிறது என்று ஊர்க்காரரிடம் கேளுங்கள்.

மூட்டையைக் குத்தி அரிசி பார்க்கும் நாம், துண்டுப் பிரசுரத்தை நம்பிக் கடை முதலை முடக்கலாமா? சிந்திப்பீர்!