பொற்கோட்டையும் ஊர் காணும் வேட்கையும்

ஊர் காணும் வேட்கை மக்கள் உள்ளத்தில் இயல்பாக அமைந்தது. தவழும் குழந்தையும் வாயிற்படியைக் கடக்கவே விழைகின்றது. வளர்ந்தபின் அவ்விழைவைத் தூண்டுவன பல. பாட்டி கூறும் கதை தூண்டும். விரும்பிப் படித்த நூல் தூண்டும். வெளியூர் சென்று மீண்ட உறவினர் வாய்ச்சொல்லும் தூண்டும். கடந்த நூறாண்டுகளில் இவற்றோடு திரைப்படமும் சேர்ந்துகொண்டது. இன்று அதுவே ஏனையவற்றை முந்தி நிற்கின்றது எனலும் மிகையாகாது.

திரைப்படம் இளையோரைக் கெடுக்கும் என்று கூறும் பெரியோர் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். அவர்தம் கூற்றை முற்றிலும் தள்ளிவிடுதல் இயலாது. எனினும், தாயும் தந்தையும் மக்களும் ஒருங்கிருந்து கூச்சமின்றிக் காணத்தக்க படங்களும் உண்டு. அவற்றுள் சில, கண்டோரை இருக்கையில் இருக்கவொட்டாமல் எழுப்பித் தொலைவிலுள்ள ஓர் ஊரை நோக்கி நடத்தும் ஆற்றல் வாய்ந்தன. அத்தகைய படங்களை இல்லங்களிலும் பள்ளிகளிலும் விரும்பிக் காட்டுதல் வேண்டும். ஆயினும், ஊரைக் காட்டும் படங்கள் யாவும் ஒரு தரத்தன என்று கொள்ளுதல் கூடாது. ஊரின் அழகை மட்டும் காட்டி வழியை மறைத்துவிடும் படங்கள் உள. வழியையும் அதன் தொல்லைகளையும் உடன் காட்டும் படங்களும் உள. பின்னவையே உயர்ந்தவை.

இவ்வேறுபாடு தமிழ் கற்றார்க்குப் புதியது அன்று. பத்துப்பாட்டினுள் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படை என்னும் வகையைச் சார்ந்தவை. ஆறு என்பது வழி. வழிப்படுத்துதலின் அஃது ஆற்றுப்படை ஆயிற்று. அவற்றுள் ஒன்றாகிய மலைபடுகடாம், நன்னனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தர்க்கு மலைவழியை எடுத்துரைப்பது. அப்புலவர் அருவியையும் விருந்தையும் மட்டும் கூறி அமையவில்லை. வழுக்கும் பாறை, பாம்பு உறையும் குழி, பன்றிக்கு வைத்த பொறி, தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் ஆகிய யாவற்றையும் ஒளியாமல் சொல்கின்றார். இடரைக் கூறினால் கேட்போர் ஆசை குறைந்துவிடும் என்று அவர் அஞ்சவில்லை. இக்காலத்துப் படம் எடுப்போர் பலர்க்கு இத்துணிவு இல்லை.

துணிவு உடையவர் ஒருவர் வங்கநாட்டில் இருந்தார். சத்யஜித் ராய் என்னும் அப்பெருங்கலைஞர், 1971-ஆம் ஆண்டில் சிறுவர்க்கென ஒரு துப்பறியும் கதை எழுதினார். 1974-ஆம் ஆண்டில் அதனைத் தாமே படமாக ஆக்கினார். மேற்கு வங்க அரசு அதற்குப் பொருள் உதவியது. கதைக்கும் படத்துக்கும் 'சோனார் கெல்லா' என்பதே பெயர். பொற்கோட்டை என்பது அதன் பொருள்.

முகுல் என்னும் சிறுவன் கல்கத்தாவில் நூல் வணிகர் ஒருவரின் மகன். அவன் நள்ளிரவில் எழுந்து அமர்ந்து படம் வரைகின்றான். கோட்டை, மயில், ஒட்டகம் ஆகிய, தான் கண்டறியாதவற்றையே வரைகின்றான். முற்பிறவியில் பொற்கோட்டை ஒன்றின் அருகே வாழ்ந்ததாகவும் கூறுகின்றான். மனநூல் ஆய்வாளர் ஒருவர் அவனை இராசத்தானத்துக்கு அழைத்துச் செல்கின்றார். பொற்கோட்டையில் புதையல் இருக்கும் என்று கருதிய தீயோர் இருவர் அவர்களைத் தொடர்கின்றனர். தீயோரைத் தொடர்ந்து, ஃபெலுதா என்னும் துப்பறிவாளரும் அவர் தம்பியும் புறப்படுகின்றனர். முற்பிறவி நினைவு மெய்யா பொய்யா என்னும் ஆராய்ச்சி இங்கு வேண்டுவதில்லை. ஒரு சிறுவன் கிறுக்கிய கோட்டை எங்கே உள்ளது என்னும் வினா, கதையில் வருவோரையும் கதையைக் காண்போரையும் ஒருங்கே இழுத்துச் செல்கின்றது.

இப்படத்தில் கோட்டை எளிதில் கிட்டுவதில்லை. நாட்டின் கீழ்த்திசையிலிருந்து மேல்திசை எல்லைவரை புகைவண்டி ஓடுகின்றது. கோட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. இது அன்று, இதுவும் அன்று என்று முகுல் தலையசைக்கின்றான். படுக்கையில் தேள் விடப்படுகின்றது. சோத்பூரிலிருந்து மேற்கே செல்லும் பாதையில் மோட்டார் வண்டியின் சக்கரம் காற்றிழந்து நிற்கின்றது. பின்னர் ஒட்டகத்தின்மேல் ஏறிச் சென்று, ஓடும் புகைவண்டியைப் பிடிக்க முயன்று தோற்கின்றனர். சிறிய நிலையம் ஒன்றில் இரவு வரும்வரை வண்டிக்குக் காத்துக் கிடக்கின்றனர். காத்துக் கிடக்கும் அவ்விரவில் அந்நாட்டுப் பாடகர் பாடும் பாட்டு ஒலிக்கின்றது. வண்டி தவறாமல் கிடைத்திருப்பின் அப்பாட்டைக் கேட்டிருக்க இயலாது. பயணத்தின் சுவை இத்தகைய இடங்களிலேதான் உள்ளது என்பதை ராய் நன்கு அறிந்திருந்தார்.

இக்கூட்டத்தில் வழியிடையே வந்து சேரும் நகைச்சுவை மாந்தர் ஒருவர் உண்டு. ஜடாயு என்னும் புனைபெயரில் வீரக்கதைகள் எழுதிக் குவிப்பவர் அவர். பாலை நிலத்தில் கால் வையாமலே பாலைக் கதை எழுதியவர். ஒட்டகத்தைப் பற்றி அவர் எழுதிய பிழையொன்றை ஃபெலுதா திருத்துகின்றார். பின்பு அவரே ஒட்டகத்தின்மேல் ஏறுகின்றார். அது முன்னும் பின்னுமாகக் குலுங்கி எழும்போது அவர் படும் பாட்டைக் கண்டு சிரிக்காத சிறுவர் இலர். வீட்டிலிருந்தே உலகத்தை அறிந்துவிட்டதாக எண்ணும் மனப்பான்மைக்கு இதைவிட நல்ல மறுமொழி கூறுதல் அரிது. இன்று கைபேசித் திரையில் உலகம் முழுவதையும் கண்டுவிட்டதாகக் கருதுவோர், ஒருமுறை அக்காட்சியைக் காணுதல் நலம்.

பொற்கோட்டை என்பது இறுதியில் ஜெய்சல்மர்க் கோட்டை என்று தெரிகின்றது. அங்கே பொன் ஏதும் இல்லை. மஞ்சள் நிற மணற்கல்லால் கட்டப்பெற்ற கோட்டை அது. கதிரவன் சாயும் வேளையில் பொன்போல் ஒளிர்கின்றது. இராவல் ஜெய்சல் என்னும் அரசன் 1156-ஆம் ஆண்டில் அதனை எழுப்பினான். சிந்து நாட்டுக்கும் அதற்கு அப்பாலும் செல்லும் ஒட்டக வணிகர் கூட்டங்கள் அவ்வழியே சென்றன. அவ்வணிகத்தால் நகரம் செழித்தது. கடல் வணிகம் ஓங்கவே அச்செழிப்புத் தளர்ந்தது. 1947-ஆம் ஆண்டில் நாடு பிரிவுற்றபோது மேற்கே செல்லும் பழைய பாதைகளும் அடைபட்டன.

அத்தகைய ஊரை, ஏறத்தாழ 2000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வங்க மக்கள் தம் கனவூராகக் கொண்டனர் என்பது வியப்பான செய்தி. துர்க்கை பூசை விடுமுறையில் குடும்பத்தோடு ஊர் காணப் புறப்படுவது வங்கத்தார் வழக்கம். படம் வெளிவந்தபின் அவருள் பலர் ஜெய்சல்மரை நாடினர். படம் எடுத்து ஐம்பது ஆண்டுகள் கடந்த பின்னரும், தாம் சிறுவயதில் கண்ட கோட்டையைத் தம் மக்களுக்குக் காட்டப் பெற்றோர் வருகின்றனர். கோட்டையினுள் இடிந்த வீடு ஒன்று 'முகுல் வீடு' என்று காட்டப்படுகின்றது. கடைக்காரர் சிலர் வங்கமொழியும் பேசக் கற்றுக்கொண்டனர். ஒரு கலைஞனின் கற்பனை, கல்லால் ஆகிய ஓர் ஊருக்கு இரண்டாம் பெயர் சூட்டிவிட்டது.

மேலை நாட்டுப் படம் ஒன்றை இதனோடு ஒப்பிடலாம். 1965-ஆம் ஆண்டில் வெளிவந்த 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' உலகெங்கும் குடும்பத்தோடு காணப்படும் இசைப்படம். அது ஆஸ்திரிய நாட்டுச் சால்ஸ்பர்க் நகரிலும் அதனைச் சூழ்ந்த மலைப்பகுதிகளிலும் எடுக்கப்பட்டது. பச்சைப் புல்வெளியும் பனிமலையும் கண்ணைக் கவர்வன. இன்றும் அப்படத்தை எண்ணியே அந்நகரை நாடிச் செல்வோர் பலர். ஆனால், அதன் முடிவில் ஒரு வேடிக்கை உண்டு. கொடுங்கோலர்க்கு அஞ்சிய குடும்பம், மலையைக் கடந்து சுவிட்சர்லாந்துக்கு நடந்தே தப்பிச் செல்வதாகக் காட்டப்படுகின்றது. சால்ஸ்பர்க்கை அடுத்த மலையைக் கடந்து நடந்தால் சுவிட்சர்லாந்து வாராது. அக்கொடுங்கோலர் ஆண்ட செருமனியே வரும். உண்மைக் குடும்பத்தார் 1938-ஆம் ஆண்டில் புகைவண்டி ஏறி இத்தாலிக்குச் சென்றனர். படம் இனியதே, எனினும் வழியைப் பொருட்படுத்தாத படம் அது. அதனைக் காட்டும்போது பக்கத்தில் ஒரு நிலப்படத்தையும் விரித்து வைத்தல் நலம். சிறுவர்தாமே அப்பிழையைக் கண்டுபிடிப்பர். கண்டுபிடித்த மகிழ்ச்சியும் அவர்க்கு உரியதாகும்.

2009-ஆம் ஆண்டில் வந்த 'அப்' என்னும் உயிரோவியப் படமோ வேறு நயம் உடையது. வெனிசுவேலா நாட்டு ஏஞ்சல் அருவியையும் அங்குள்ள மேசைமலைகளையும் உள்ளத்திற் கொண்டு, ஒரு கற்பனை அருவியை அதில் அமைத்தனர். ஏஞ்சல் அருவியின் உயரம் 979 மீட்டர். அங்கே செல்லச் சாலை இல்லை. வானூர்தியிலும் பின்னர்ப் படகிலும் செல்லுதல் வேண்டும். படத்திலோ முதியவர் ஒருவர் பலூன்களைக் கட்டி வீட்டோடு பறந்து செல்கின்றார். அந்தக் கணவனும் மனைவியும் அருவி காண்பதற்கென்று உண்டியலில் காசு சேர்த்தனர். சக்கரம் பழுதுற்றபோது ஒருமுறையும், கால் முறிந்தபோது ஒருமுறையும், கூரையில் மரம் விழுந்தபோது ஒருமுறையும் அவ்வுண்டியலை உடைத்தனர். நடுத்தரக் குடும்பங்கள் யாவும் அறிந்த துன்பம் இது. சொற்கள் மிகுதியின்றி அதனைச் சில நிமிடங்களில் காட்டியமையால், பலூன் வீடு பறப்பதையும் உள்ளம் நம்பிவிடுகின்றது.

திரையில் கண்ட பின்னர் நேரில் சென்று காணுதல் எதற்கு என்று கேட்போர் உண்டு. செலவும் அலைச்சலும் மிச்சம் என்பது அவர் வாதம். செல்ல இயலாதார்க்குப் படம் ஓர் ஆறுதலே என்பதை மறுக்கவேண்டுவதில்லை. ஆனால், திரையில் வெயில் சுடுவதில்லை, நாவறட்சி இல்லை, மொழி தெரியாத ஊரில் வழி கேட்டு நிற்கும் பணிவும் அங்கே கற்கப்படுவதில்லை. கோட்டையைக் காண்பவன் அதன் கல்லைத் தொடுகின்றான். அக்கோட்டையுள் அடுப்பு எரிவதையும் துணி உலர்வதையும் காண்கின்றான். ஜெய்சல்மர் பாழடைந்த கோட்டை அன்று; இன்றும் சில ஆயிரம் மக்கள் அதனுள் குடியிருக்கின்றனர்.

இங்கேதான் கவலைக்குரிய செய்தி ஒன்று உள்ளது. அக்கோட்டை நிற்கும் குன்று உறுதியான கருங்கல் அன்று. களிமண் கலந்த மென்பாறை. மழை அருகிய அந்நாட்டில் முன்னாளில் பெண்டிர் கடிசர் ஏரியிலிருந்து குடத்தில் நீர் சுமந்து வந்தனர். சுமந்து வந்த நீரை எவரும் வீணாக்கமாட்டார். பிற்காலத்தில் குழாய் நீர் வந்தது. ஊர் காண வருவோர்க்கென்று கோட்டையினுள்ளேயே தங்கும் விடுதிகள் பெருகின. குளிக்கவும் துவைக்கவும் நீர் பன்மடங்கு செலவாயிற்று. அதற்கேற்ற வடிகால் அமையாமையால் கழிவுநீர் நிலத்துள் இறங்கியது. நீர் ஊறிய களிமண் இளகவே, மதிலின் அடித்தளம் தளர்ந்தது. 1990-களில் கொத்தளங்கள் சிலவும் மதிற்பகுதிகளும் சரிந்தன. 1996-ஆம் ஆண்டில் உலக நினைவுச்சின்ன நிதியம், இடர்ப்பாட்டில் உள்ள சின்னங்களின் பட்டியலில் இக்கோட்டையைச் சேர்த்தது. 2013-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம், இராசத்தானத்து மலைக்கோட்டைகள் ஆறனுள் ஒன்றாக இதனை உலகப் பாரம்பரியச் சின்னம் என ஏற்றுக்கொண்டது.

படம் பார்த்து எழுந்த ஆசையே இதற்குக் காரணம் என்று பழி கூறுதல் முறையாகாது. பல நாட்டாரும் பல காரணம் பற்றி அங்கே வருகின்றனர். கோட்டைவாழ் மக்களும் விருந்தினரால் பிழைப்புப் பெறுகின்றனர்; வாராதீர் என்று சொல்வது அவர் அடுப்பை அவிப்பதாகும். ஆனால், பொற்கோட்டைப் படத்தைக் காட்டும் பெற்றோரும் ஆசிரியரும், படத்தில் இல்லாத இச்செய்தியையும் சேர்த்துச் சொல்லுதல் வேண்டும். மலைபடுகடாம் பாடிய புலவர், வழிச்செல்வோர்க்கு நேரும் இடரைச் சொன்னார். இக்காலத்தில் வழிச்செல்வோரால் ஊருக்கு நேரும் இடரையும் சொல்லவேண்டிய நிலை வந்துள்ளது.

செய்யத்தக்கது பெரிதொன்றும் இல்லை. கோட்டைக்குக் கீழே பரந்துள்ள நகரில் தங்கும் இடங்கள் உள. அங்கே தங்கி, காலையில் நடந்து மேலே ஏறிச் சமணக் கோயில்களையும் குறுந்தெருக்களையும் கண்டு, அங்குள்ளார் கடையில் உண்டு, பொருள் வாங்கி, மாலையில் இறங்கிவிடலாம். இதனால் காட்சியில் குறைவு நேராது. கோட்டை பொன்னிறம் கொள்வதைக் காண விரும்புவோர், கதிரவன் சாயும்போது மதிலுக்குப் புறத்தே, சற்றுத் தொலைவில் நிற்றல் வேண்டும்.