தற்காப்புத் துறைக்கான பல்கலைக்கழக வழிகளைத் தோட்டப்புற மாணவருக்கு மறைக்கலாகாது



மலேசியாவின் ஆயுதப் படைகளிலும் காவல் துறையிலும் இந்திய வம்சாவளி இளைஞர்கள் குறைவாக இருப்பது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், அவர்களின் ஆர்வக் குறைவையோ நாட்டுப்பற்றுக் குறைவையோ காரணமாகச் சொல்லிவிடும் வழக்கம் கண்டனத்துக்குரியது. ஏனெனில், அத்துறைகளில் அதிகாரிகளாவதற்குப் பல்கலைக்கழகங்களிலேயே அமைந்துள்ள வழிகள், ரப்பர் தோட்டங்களை விட்டு ஈப்போ, சுங்கை சிப்புட் போன்ற ஊர்களின் ஓரங்களில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு உரிய காலத்தில் எடுத்துச் சொல்லப்படுவதில்லை.

இவ்வழிகளுள் முதன்மையானது கோலாலம்பூர் சுங்கை பீசி முகாமில் இயங்கும் மலேசியத் தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகம். 1995இல் இராணுவக் கழகமாகத் தொடங்கி 2006இல் பல்கலைக்கழகமாக உயர்த்தப்பட்ட இந்நிறுவனத்தில், பயிற்சி அதிகாரிகள் இளங்கலைப் படிப்பையும் இராணுவப் பயிற்சியையும் ஒருசேர முடித்து முப்படைகளில் சேர்கின்றனர். இரண்டாவது வழி, பொதுப் பல்கலைக்கழகங்களில் நடைபெறும் பலாப்பெஸ் எனும் சேமப்படை அதிகாரிகள் பயிற்சி. இதன் தரைப்படைப் பிரிவில் மூன்றாண்டுப் பயிற்சியை நிறைவு செய்வோர், பகுதிநேரச் சேமப்படையான வத்தானியா படையில் இரண்டாம் லெப்டினன்ட்டுகளாக நியமிக்கப்படுகின்றனர். இதே முறையில் காவல் துறைக்கென அமைந்த மாணவர் தொண்டர் படை சுக்சிஸ் எனப்படுகிறது. இவற்றோடு, போர், அரசுறவு, உளவு ஆகியவற்றை ஆராயும் வியூகவியல் படிப்பும், கணினிக் கட்டமைப்புகளைக் காக்கும் இணையப் பாதுகாப்புப் படிப்பும் சீருடை அணியாமலே நாட்டைக் காக்கும் பணிகளுக்கு இட்டுச் செல்கின்றன. 2024 ஆகஸ்ட் 26 அன்று இணையப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின், மின்சாரம், வங்கி, மருத்துவம் முதலிய துறைகளிலும் இப்பயிற்சி பெற்றோரின் தேவை பெருகியுள்ளது.

இவ்வழிகள் அறிவிக்கப்படாத இடத்தைத் தவறான எண்ணங்கள் நிரப்பிவிடுகின்றன. அரச மலாய் ரெஜிமெண்ட் மலாய்க்காரர்களுக்கு மட்டுமே உரியது என்பதால் முழு இராணுவமும் அப்படித்தான் என்று நம்பும் பெற்றோர் உள்ளனர். ஆனால் அரச ரேஞ்சர் ரெஜிமெண்டும், பொறியியல், மருத்துவம், சமிக்ஞை முதலிய பிரிவுகளும், கடற்படையும், விமானப்படையும் எல்லா இனத்தவருக்கும் திறந்தவை. தற்காப்புப் பல்கலைக்கழகத்தில் 2017இல் பயிற்சி மாணவர் ஒருவர் சக மாணவர்களின் கொடுமைக்கு ஆளாகி உயிரிழந்ததால் எழுந்த அச்சம் நியாயமானதே. அவ்வச்சத்தைப் போக்கும் வகையில் மாணவர் பாதுகாப்பு ஏற்பாடுகளைப் பெற்றோருக்கு நேரில் விளக்குவது அதிகாரிகளின் கடமையாகும்.

நாட்டின் பாதுகாப்பு என்பது பேராக் மாநிலத் தமிழருக்கு அந்நியமான ஒன்றன்று. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து பிரகடனப்படுத்தப்பட்ட அவசரகாலம் 1960 வரை நீடித்தது. அக்காலத்தில் தோட்டத் தொழிலாளர்கள் முள்வேலிக்குள்ளும் ஊரடங்கிலும் வாழ்ந்தபடியே பால்மரம் சீவி நாட்டின் பொருளாதாரத்தைத் தாங்கினர். இன்றும் லூமுட் கடற்படைத் தளமும் உலு கிந்தாவிலுள்ள காவல் துறைக் கமாண்டோ முகாமும் இம்மாநிலத்திலேயே இருக்கையில், அவற்றில் அதிகாரியாகும் வழி அருகிலுள்ள இடைநிலைப்பள்ளி மாணவனுக்குத் தெரியாதிருப்பது பெருங்குறையாகும்.

ஆகவே, தற்காப்பு அமைச்சும் உயர்கல்வி அமைச்சும் மூன்று நடவடிக்கைகளை உடனே எடுக்க வேண்டும். முதலாவதாக, எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். மாணவர்களுக்கு, விண்ணப்பக் காலத்துக்கு முன்பே, உடல்தகுதி, மருத்துவச் சோதனை, நேர்முகத் தேர்வு பற்றிய விளக்கக் கூட்டங்களை, பெற்றோரும் புரிந்துகொள்ளும் வண்ணம் தமிழிலும் நடத்த வேண்டும். இரண்டாவதாக, பலாப்பெஸ், சுக்சிஸ் பயிற்சிகள் பெரும்பாலும் பொதுப் பல்கலைக்கழகங்களைச் சார்ந்திருப்பதால், அங்கு இடம் கிடைக்காமல் கல்விக் கடனில் தனியார் கல்லூரிகளில் பயில்வோரும் அவற்றில் சேர வகைசெய்ய வேண்டும். மூன்றாவதாக, விண்ணப்பித்தோர், தேர்வு பெற்றோர் ஆகியோரின் எண்ணிக்கையை இனவாரியாகவும் மாநிலவாரியாகவும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அவ்விவரம் இல்லாமல் ஒரு சமூகத்தின் நாட்டுப்பற்றை எடைபோட எவருக்கும் உரிமை இல்லை.

தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சங்கங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் இக்கோரிக்கைகளை நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் எழுத்து மூலம் முன்வைக்க வேண்டும் என்பது பணிவான வேண்டுகோள்.

இப்படிக்கு,
வாசகர், ஈப்போ, பேராக்